ஒற்றைப் பாதையில் யார் காத்திருப்பது? மாதிரி ரயிலுக்குக் கட்டுப்பாட்டாளராக உட்காருவோருக்கு ஒரு வழிகாட்டி

மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரை ஒற்றைத் தண்டவாளம்தான். அதனால் உதயதேவி சில வேளை ஒரு சின்ன ஸ்டேசனில் காரணம் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும். வடை விற்பவர் இரண்டாம் தடவையும் வந்துபோவார். யாராவது ஒருவர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு "கிராசிங் போல" என்பார். எதிரே வரும் ரயில் கடந்த பிறகுதான் நம்முடையது நகரும். இந்த இடத்தில் நிற்க வேண்டியது நம் ரயில்தான் என்று எங்கோ தூரத்தில் ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அவர் நம் ரயிலையும் பார்க்கவில்லை, எதிரே வந்ததையும் பார்க்கவில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு தாளும் ஒரு தொலைபேசியும் மட்டும்.

அமெரிக்காவில் அவரை டிஸ்பாச்சர் என்பார்கள். நம் நாட்டில் அவர் கட்டுப்பாட்டாளர். மருதானைக் கட்டுப்பாட்டறையில் இருப்பவர். வீட்டில் சின்னதாக மாதிரி ரயில் ஓட்டும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, நேர அட்டவணை போட்டு உண்மை ரயில் போலவே ஓட்ட ஆரம்பித்தால் அங்கேயும் இந்தப் பதவி தேவைப்படும். ஆனால் எல்லோருக்கும் இன்ஜின் ஓட்டத்தான் ஆசை. கட்டுப்பாட்டாளர் நாற்காலியில் உட்காரச் சொன்னால் பின்வாங்குகிறார்கள். அது கணக்கு வேலை, தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு. இந்தப் பொழுதுபோக்கிலேயே மிக ருசியான இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தடவையும் உட்காராதவர் நாளைக்கே உட்காரக்கூடிய விதமாக இதை எழுதுகிறேன்.

முதலில், அவர் வேலை எது

கட்டுப்பாட்டாளர் ரயிலை ஓட்டுவதில்லை. பயணிகளைப் பார்ப்பதில்லை. எந்த ரயில் எந்தத் துண்டுப் பாதையில் எப்போது போகலாம், எது எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்வார். ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் சிக்னல்தான் தெரியும். ஸ்டேசன் மாஸ்டருக்குத் தன் ஸ்டேசனும் அக்கம்பக்கத்து இரண்டு ஸ்டேசனும் தெரியும். பாதை முழுவதையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

நம் நாட்டு வழக்கத்துக்கும் அமெரிக்க வழக்கத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இங்கே பழைய முறையில் ஓடும் ஒற்றைப் பாதைகளில், இரண்டு ஸ்டேசன் மாஸ்டர்கள் தங்களுக்குள் பேசி, இடையில் உள்ள பாதை காலி என்று உறுதிசெய்து, ஓட்டுநர் கையில் ஒரு டேப்லெட்டை, அதாவது அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழைய அனுமதியாகும் ஒரு வட்டத் தகட்டை, கொடுப்பார்கள். மலைநாட்டுப் பாதையில் பயணம் செய்தவர்கள் வளையத்தில் மாட்டிய அந்தப் பொருளைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டுப்பாட்டாளர் மேலிருந்து கிராசிங்கை எங்கே போடுவது என்று சொல்வார். பாதுகாப்பின் பிடி ஸ்டேசன்களின் கையில் இருக்கும். அமெரிக்காவின் நீண்ட வெளிகளில் ஸ்டேசன் மாஸ்டர்கள் அப்படி நெருக்கமாக இல்லை. அங்கே டிஸ்பாச்சரின் உத்தரவுதான் ரயிலுக்கு அனுமதி. யூனியன் பசிபிக் நிறுவனத்தின் டிஸ்பாச்சர்கள் ஒமாஹா நகரில் ஒரு பெரிய மையத்தில் உட்கார்ந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரயில்களை நடத்துகிறார்கள்.

மாதிரி ரயிலுக்கு இரண்டு முறையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழகலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாதையைத் தாளில் இறக்குங்கள்

எங்கள் உதாரணத்துக்கு மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை என்ற ஏழு ஸ்டேசன்களை எடுத்துக்கொள்வோம். இடையில் கல்குடா போன்ற ஸ்டேசன்களும் உண்டு. பழகும்போது குறைவாக இருப்பது நல்லது. மன்னம்பிட்டியில் மகாவலிப் பாலம், ஓட்டமாவடியில் பாலம் என்று அழகான இடங்கள் இருப்பதால் மாதிரி செய்பவர்களுக்கும் இந்தப் பாதை பிடிக்கும். அந்த இரண்டு பாலங்களிலும் முந்தி வாகனமும் ரயிலும் ஒரே வழியில்தான் போயின. ரயில் வரும்போது பஸ்ஸும் வண்டியும் காத்துக் கிடக்கும்.

தாளில் ஒரு கோடு போட்டு ஸ்டேசன்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று விசயம் எழுதுங்கள்: அங்கே ரயில் ஒதுங்கப் பக்கப் பாதை இருக்கிறதா, அதில் எத்தனை பெட்டி நிற்கும், அடுத்த ஸ்டேசனுக்குப் போக எத்தனை நிமிடம். உண்மையான புணானையில் எத்தனை பாதை என்பது இங்கே முக்கியமில்லை. மாதிரிப் பாதை அமைத்த உங்கள் பலகையில் இருக்கும் புணானையில் எத்தனை என்பதுதான் முக்கியம்.

பெட்டி எண்ணிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். பக்கப் பாதையில் எட்டுப் பெட்டிதான் நிற்கும் என்றால், பத்துப் பெட்டி ரயில் இரண்டு அங்கே சந்திக்கவே முடியாது. ஒன்று நீளம், ஒன்று கட்டை என்றால் கட்டையானது ஒதுங்க வேண்டும். அது எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சரி. புதியவர்கள் அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்வார்கள். அட்டவணை நாளுக்கு நாள் மாறும், பக்கப் பாதையின் நீளம் மாறாது. எந்தச் சிக்கலிலும் கடைசியில் கணக்கு அந்த நீளத்தில்தான் வந்து நிற்கும்.

அளவைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். நம் ரயில் பாதை 1676 மில்லிமீட்டர் அகலம். 1:87 அளவில் அது கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் வர வேண்டும், கடையில் கிடைப்பது 16.5. கட்டுப்பாட்டாளருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை, விட்டுவிடுங்கள். ஆனால் வாவிக்கரை வீடுகளில் உப்புக் காற்றில் இரும்புத் தண்டவாளம் சீக்கிரம் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் வாங்குவது நல்லது. துரு பிடித்த இடத்தில் இன்ஜின் நின்றால் உங்கள் தாளில் எழுதிய நேரம் எல்லாம் குழம்பிவிடும்.

சாய்கோட்டு வரைபடம்

இதுதான் வேலையின் உயிர். கட்டத் தாள் ஒன்றை எடுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஸ்டேசன் பெயர்களையும் அடியில் இடமிருந்து வலமாக நேரத்தையும் எழுதுங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. மேலே போகும் ரயில் ஒரு பக்கம் சாயும், கீழே வருவது மறுபக்கம் சாயும். இரண்டு கோடும் வெட்டும் இடம் ஸ்டேசன் கோட்டின் மேல் இருந்தால் கிராசிங் சரி. இரண்டு ஸ்டேசனுக்கு நடுவில் வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு ரயிலும் முட்டும் என்று அர்த்தம்.

ஒரு கணக்கைக் கையாலேயே செய்து பார்ப்போம். நிமிடங்கள் எங்கள் மாதிரிக்கு நாங்கள் வைத்துக்கொண்டவை: மட்டக்களப்பு முதல் ஏறாவூர் 15, ஏறாவூர் முதல் வாழைச்சேனை 20, வாழைச்சேனை முதல் புணானை 20, புணானை முதல் வெலிக்கந்தை 20, வெலிக்கந்தை முதல் மன்னம்பிட்டி 15, மன்னம்பிட்டி முதல் பொலன்னறுவை 15.

பயணிகள் ரயில் மட்டக்களப்பில் 6.00க்குப் புறப்படுகிறது. வாழைச்சேனை 6.35, புணானை 6.55. எதிரே சாமான் ரயில் பொலன்னறுவையில் 6.10க்குப் புறப்படுகிறது. வெலிக்கந்தை 6.40, புணானை 7.00, நிற்காமல் போனால் வாழைச்சேனை 7.20. ஆக, கிராசிங் புணானையில். பயணிகள் ரயில் ஐந்து நிமிடம் நிற்கும். யாருக்கும் வலியில்லை.

இப்போது மட்டக்களப்பில் பயணிகள் ரயில் 20 நிமிடம் தாமதம். அது வாழைச்சேனைக்கு 6.55, புணானைக்கு 7.15. கிராசிங்கைப் புணானையிலேயே வைத்தால் சாமான் ரயில் 7.00இலிருந்து 7.15 வரை நிற்கும், 15 நிமிடம். வாழைச்சேனைக்கு மாற்றினால் பயணிகள் ரயில் 6.55இலிருந்து 7.20 வரை நிற்கும், 25 நிமிடம். எனவே மாற்றாதீர்கள்.

தாமதம் 30 நிமிடம் என்றால்? புணானையில் வைத்தால் சாமான் ரயிலுக்கு 25 நிமிடம். வாழைச்சேனையில் வைத்தால் பயணிகள் ரயிலுக்கு 15 நிமிடம். கணக்கு திரும்பிவிட்டது. 25 நிமிடத் தாமதத்தில் இரண்டு பக்கமும் சமம், ஆளுக்கு 20 நிமிடம்.

இந்த இடத்தில்தான் கட்டுப்பாட்டாளரின் மனசு தெரியவரும். 30 நிமிடத் தாமதத்தில் வெறும் கணக்குப் பார்த்தால் பயணிகள் ரயிலை நிறுத்துவதுதான் லாபம். ஆனால் ஏற்கனவே அரை மணித்தியாலம் பிந்திய சனத்தை இன்னும் கால் மணித்தியாலம் உட்கார வைப்பதா? சாமான் ரயிலில் இருப்பது நெல் மூட்டை என்றால் அது 25 நிமிடம் நின்றால் என்ன? ஆனால் அந்தச் சாமான் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு ரயில் வருகிறது என்றால் அதுவும் வெலிக்கந்தையில் சிக்கும். நான் ஒரு விதியைப் பின்பற்றுவேன்: ஏற்கனவே பிந்தியதை மேலும் பிந்தவிடாதே, அதற்காக நேரத்துக்கு ஓடும் இரண்டு ரயிலைக் கெடுக்கவும் வேண்டாம். வேறு ஆள் வேறு விதி வைத்திருப்பார். முடிவு எதுவானாலும் பிந்திய ரயில் மட்டக்களப்பை விட்டுக் கிளம்ப முன்னமே எடுத்துவிட வேண்டும். வாழைச்சேனையைத் தாண்டிய பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கை ரயில் இல்லாமலே பழகலாம். ஒரு கொப்பி, ஒரு அடிமட்டம், ஒரு பென்சில் போதும். தாமதத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு கிழமை இப்படிச் செய்தால் கோடு போடாமலே எங்கே வெட்டும் என்று கண் சொல்லிவிடும்.

பதிவுத் தாள்

வரைபடம் நடக்கப் போவதைச் சொல்லும். நடந்ததை எழுத வேறொரு தாள் வேண்டும். ஒரு பக்கம் ஸ்டேசன்கள், மேலே ரயில் இலக்கங்கள், கட்டங்களில் வந்த நேரமும் போன நேரமும். ஒவ்வொரு ஸ்டேசனிலும் இருப்பவர் ரயில் கடந்ததும் போனில் சொல்வார்: "வாழைச்சேனை. 12 வந்தது 6.55." நீங்கள் எழுதுவீர்கள். இங்கே 12 என்பது நம் பயணிகள் ரயிலின் இலக்கம், 41 என்பது எதிரே வரும் சாமான் ரயில்.

எதிர்பார்ப்பைப் பென்சிலில் எழுதுங்கள், நடந்ததைப் பேனாவில் எழுதுங்கள். "இப்போது புணானைக்குப் போயிருக்கும்தானே" என்று பேனாவில் எழுதினால் அன்றைய ஆட்டம் அத்தோடு கெட்டுவிடும். யாரும் சொல்லாத எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை எட்டிப் பார்க்கும் ஆசை வரும். அதனால்தான் கட்டுப்பாட்டாளர் வேறு அறையில் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ரயில்கள் மண்டபத்தில் ஓடட்டும், நீங்கள் விறாந்தைக்குப் போய்விடுங்கள். கண்ணால் பார்த்து நடத்துகிறவர் கட்டுப்பாட்டாளர் அல்ல, பார்வையாளர்.

போனில் பேசும் விதம்

1851இல் நியூயோர்க் மாநிலத்தில் ஈரி ரயில்வேயின் அதிகாரி சார்லஸ் மைனட் ஒரு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிர் ரயில் வரும் வரைக்கும் டர்னர் என்ற ஸ்டேசனில் காத்துக் கிடக்க வேண்டிய நிலை. அவர் தந்தி மூலம் கோசன் ஸ்டேசனுக்குச் செய்தி அனுப்பி, எதிர் ரயிலை அங்கேயே நிறுத்தச் சொன்னார். பதில் வந்ததும் ஓட்டுநரைப் புறப்படச் சொன்னார். கம்பியில் வந்த வார்த்தையை நம்பி உயிரைப் பணயம் வைக்க மாட்டேன் என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். மைனட் தானே இன்ஜினில் ஏறி ஓட்டினார். தந்தி வழியாக ரயிலை நடத்தும் வேலை அமெரிக்காவில் தொடங்கியது அப்படித்தான்.

அந்த ஓட்டுநர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. 1874 செப்டம்பர் 10ஆம் திகதி இங்கிலாந்தில் நொரிச் நகருக்குப் பக்கத்தில், தோர்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள். எதிர்ப்பக்கத்து ரயிலை வரவிடச் சொல்லும் செய்தி எழுதப்பட்டிருந்தது. பொறுப்பதிகாரி அதில் கையெழுத்து வைக்கவில்லை. தந்திப் பணியாளர் கையெழுத்துக்கு முன்பே அதை அனுப்பிவிட்டார். அதே நேரத்தில் அதிகாரி தன் பக்கத்து ரயிலைப் போகவிட்டார். தவறு தெரிந்து, ரத்துச் செய்தி போனபோது மறுபக்கத்து ரயில் கிளம்பிவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான், 1878இல், எட்வர்ட் டையர் டேப்லெட் கருவியைக் கண்டுபிடித்தார். இரண்டு ஸ்டேசன்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் இணைந்திருக்கும். ஒரு துண்டுப் பாதைக்கு ஒரே நேரத்தில் ஒரு டேப்லெட்தான் வெளியே வரும். பிழையான வார்த்தை சொன்னாலும் இரண்டாவது டேப்லெட் வராது.

இதை வைத்து மாதிரி ரயிலில் போன் பேச்சுக்கு நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். நண்பர்கள் என்றால் வீட்டுக்குள் அண்ணன், மாமா, காக்கா என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். போனை எடுத்ததும் அதை விட்டுவிட வேண்டும். பேசுவது ஆள் அல்ல, ஸ்டேசன்.

"கட்டுப்பாடு. புணானை?"

"புணானை."

"உத்தரவு 3. 12ஆம் இலக்கத்தை நிறுத்து. 41 கடந்த பிறகு விடு. நேரம் 6.48."

"உத்தரவு 3. 12ஆம் இலக்கத்தை நிறுத்து. 41 கடந்த பிறகு விடு. நேரம் 6.48. புணானை."

"சரி, 6.49."

மறுபக்கம் முழுவதையும் திருப்பிச் சொல்லி, நீங்கள் "சரி" சொல்லி நேரமும் சொன்ன பிறகுதான் உத்தரவு உயிர் பெறும். அதற்கு முன் அது வெறும் பேச்சு. "ஓம் ஓம் விளங்கினது" என்று யாராவது சொன்னால் விளங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள். வயதில் மூத்தவரிடம் இப்படித் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாதீர்கள், அவரும் சந்தோசப்படுவார்.

மறுப்பாக உத்தரவு கொடுக்காதீர்கள். "புணானையில் நிற்க வேண்டாம்" என்று சொல்லும்போது லைன் அறுந்தால் மறுபக்கத்துக்குக் கேட்பது "புணானையில் நிற்க". நிறுத்து, விடு, ஒதுக்கு என்ற மூன்று சொல்லுக்குள் எல்லா உத்தரவையும் அடக்கிவிடலாம். கொடுத்த உத்தரவை மாற்றுவதானால் பாதியைத் திருத்தாதீர்கள். பழைய இலக்கத்தை முழுதாக ரத்துச் செய்து புதிய இலக்கத்தில் கொடுங்கள்.

எந்த முறையில் தொடங்குவது

டேப்லெட் முறையில் தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஒரு சின்ன வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், மரம், தகரம் எதுவும் ஆகும். மேலே "ஏறாவூர் – வாழைச்சேனை" என்று எழுதி நிறம் பூசுங்கள். அந்த வட்டம் கையில் இல்லாத ஓட்டுநர் அந்தத் துண்டுக்குள் நுழையக் கூடாது, கட்டுப்பாட்டாளரே போகச் சொன்னாலும் நுழையக் கூடாது. ஒரு வட்டம்தான் இருப்பதால் நீங்கள் பிழை விட்டாலும் ரயில் மோதாது. ஆனால் வட்டம் மறுபக்க ஸ்டேசனில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கத்து ரயில் காத்துக் கிடக்கும். அந்த எரிச்சலே நல்ல பாடம்.

அது கைவந்ததும் அமெரிக்க உத்தரவு முறைக்கு மாறலாம். அதில் அட்டவணையே அடிப்படை அனுமதி. எந்த ரயில் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று வகுப்பும் திசையும் வைத்து முன்கூட்டியே தீர்மானித்திருப்பார்கள். தாழ்ந்த ரயில், உயர்ந்தது வரும் நேரத்துக்கு முன் ஒதுங்கிவிட வேண்டும். அட்டவணை கெடும்போது மட்டும் டிஸ்பாச்சர் எழுத்து உத்தரவு கொடுப்பார். பழகியவர்களுக்கு இதுதான் மிகச் சுவையானது என்பேன், ஏனென்றால் ஓட்டுநர்களும் அட்டவணையைப் படித்து யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே இடத்தில் இருந்து சிக்னலையும், ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்டையும் பொத்தானால் இயக்கும் முறை. 1927இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நியூயோர்க் சென்ட்ரல் பாதையில் முதலில் வந்தது. மாதிரி ரயிலுக்கு ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளில் அப்படி ஒரு பொத்தான் பலகையைத் திரையில் வரையலாம். சீக்கிரமே அதற்குத் தாவ வேண்டாம். திரையில் சிவப்பு வெளிச்சம் நகர்வதைப் பார்த்துப் பழகியவருக்குத் தாளில் பாதையைப் பார்க்கும் கண் வளராது.

முதல் நாள்

நாலு ரயிலுக்கு மேல் வேண்டாம். கடிகாரத்தை நாலு மடங்கு வேகத்தில் ஓட விடுங்கள்: உண்மையான கால் மணித்தியாலம் ஆட்டத்தில் ஒரு மணித்தியாலம். கைபேசியில் அதற்கான செயலிகள் கிடைக்கும். போனுக்குப் பழைய கைபேசிகள் போதும், ஒரு வாட்ஸ்அப் குழு அழைப்பும் ஆகும். ஆனால் குழு அழைப்பில் எல்லோரும் ஒன்றாகப் பேசுவார்கள். கட்டுப்பாட்டாளர் பெயர் சொன்ன ஸ்டேசன் மட்டும் வாய் திறக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரண்ட் போகும். போனால் கடிகாரத்தை நிறுத்துங்கள், நேரத்தை எழுதுங்கள், கொடுத்த உத்தரவுகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கரண்ட் வந்ததும் ஒவ்வொரு ஸ்டேசனையும் கூப்பிட்டு யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் கடிகாரத்தை ஓட விடுங்கள்.

ஒரு கட்டத்தில் பாதை மனதிலிருந்து நழுவிவிடும். 12 வாழைச்சேனையைத் தாண்டியதா இல்லையா என்று தெரியாது, மூன்று போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். புதியவருக்குக் கட்டாயம் நடக்கும், பழையவருக்கும் நடக்கும். அப்போது ஊகிக்காதீர்கள். "எல்லா ஸ்டேசனும் நிறுத்து" என்று சொல்லுங்கள். மட்டக்களப்பிலிருந்து வரிசையாகக் கேட்டு, தாளைப் புதிதாக எழுதுங்கள். ஐந்து நிமிடம் வீணாகும், ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரை உட்கார வைக்காதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில், மாறி மாறி வேலை செய்ய ஆள் இருக்கும் இடத்தில் டிஸ்பாச்சர் ஒரு நாளில் 9 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மாறும்போது பழையவர் வாயால் சொல்ல வேண்டும், புதியவர் தாளோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்: எந்த ரயில் எங்கே, எந்த உத்தரவு இன்னும் முடியவில்லை, எங்கே வேகக் குறைப்பு.

வேகக் குறைப்பும் அவசரமும்

வேகக் குறைப்பை உங்கள் மாதிரியிலும் கட்டாயம் வையுங்கள். நம் பாதையில் அது உயிர்ப் பிரச்சினை. கல்லோயா, ஹபரணை, மின்னேரியா, வெலிக்கந்தைப் பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே யானைக் கூட்டமொன்றில் நம் பாதை ரயில் மோதி, பல யானைகள் இறந்தன. இருட்டில் சாதாரண வேகத்தில் வரும் ரயில் யானையைக் கண்ட பிறகு நிற்க முடியாது. அதனால் குறிப்பிட்ட மைல்கற்களுக்கு இடையே, குறிப்பிட்ட நேரத்தில் மெதுவாகப் போகச் சொல்வதுதான் வழி. மாதிரியில் புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவே இரவு நேரத்தில் 20 நிமிடத்தை 35 ஆக்கிப் பாருங்கள். உங்கள் கிராசிங் எல்லாம் இடம் மாறும். யானைக்காக ரயிலை மெதுவாக்குவது எளிது என்று சொல்கிறவர்களும், ரயில் பிந்துகிறது என்று குறை சொல்கிறவர்களும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அவசரத்துக்கு இன்னொரு விசயம். 2004 டிசம்பர் 26ஐ நம் கரையில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அன்று தெற்குக் கரையோரப் பாதையில், பெரலியவில், ஒரு முழு ரயிலையே கடல் அடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல் வருகிறது என்ற தகவல் மருதானைக்கு எட்டியதும் அந்தப் பாதையில் ஓடிய மற்ற ரயில்களை நிறுத்திவிட்டார்கள். இந்த ரயிலையும் நிறுத்த அம்பலாங்கொடைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டேசனில் இருந்தவர்கள் எல்லோரும் அப்போது வந்து நின்ற அந்த ரயிலின் வேலையிலேயே இருந்தார்கள். போனை எடுக்க ஆள் இல்லை. எடுத்தபோது ரயில் போய்விட்டது.

அதனால் எங்கள் பலகையில் ஒரு விதி உண்டு, அதை யாருக்கும் தளர்த்துவதில்லை: ரயில் ஸ்டேசனுக்குள் நிற்கும்போது ஒருவர் போன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ரயிலை விட முன் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு "12 புறப்படத் தயார்" என்று சொல்லி, பதில் கேட்ட பிறகுதான் விட வேண்டும். ஆட்டம்தானே என்று சிலர் சலிப்பார்கள். பழக்கம் ஆட்டத்தில்தான் வரும். நம் பிள்ளைகளில் ஒருவர் ஒரு நாள் உண்மையான ஸ்டேசன் மாஸ்டராகவும் போகக்கூடும்.

அடுத்தது: இல்லாத பாதை

இந்த ஏழு ஸ்டேசனும் பழகிவிட்டால், மட்டக்களப்போடு முடியும் பாதையை உங்கள் பலகையில் தெற்கே நீட்டுங்கள். அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் இல்லை. மாதிரியில் அதைக் கட்ட யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம், வீட்டுக்கு வீடு நெருக்கம், அடிக்கடி கடவை. காலையில் கல்முனைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும், மாலையில் மறுபக்கம். அறுவடைக் காலத்தில் அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து நெல் ரயில். பாதை ஒற்றைதான்.

ஒடுங்கிய நிலத்தில் நீளமான பக்கப் பாதைக்கு இடம் குறைவு. பன்னிரண்டு பெட்டி நிற்கும்படி ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம் என்றால் அதை எங்கே வைப்பீர்கள்? கட்டத் தாளை எடுத்து, காலையில் ஓட வேண்டிய ரயில்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். கோடுகள் அதிகம் வெட்டும் இடம் களுவாஞ்சிகுடியா கல்முனையா என்று பார்த்த பிறகு பலகையில் ஆணி அடியுங்கள்.